பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் புது மதர்போர்டு பொருத்த முடியுமா?

தாராளமாக முடியும். 1995-ல் அப்பா சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய, 486 என்ற அந்தக் கால பிராசஸர் போட்ட மினி டவரில் போன வருடம் செய்து முடித்தேன், இந்தப் பதிலையும் அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கேபினெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். போர்ட்டுகளுக்கென்று சுமார் 16-க்கு 4.5 செ.மீ. செவ்வகத் திறப்பு இருந்தால் அது ஏடிஎக்ஸ் என்ற அளவு. இன்டெல் 1995-ல் கொண்டுவந்த அந்த அளவு இன்னும் மாறவில்லை, பெரும்பாலும் ஸ்குரூ முடுக்குவதோடு வேலை முடிந்துவிடும். கீபோர்டுக்கு ஒரே ஒரு வட்ட ஓட்டைதான் என்றால் அது ஏடி, அதற்கு முந்தைய அளவு. என்னுடையது ஏடி.

ஏடியில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டியது பவர் சுவிட்ச். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தடிமனான நாலு வயர் முன்பக்க சுவிட்சுக்கு வரும், அதில் ஓடுவது வீட்டு கரண்ட், 230 வோல்ட். அதில் ஒன்றைக்கூடப் புது போர்டில் கொடுத்துவிடாதீர்கள், போர்டும் போகும், ஆளுக்கும் ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பழைய எஸ்எம்பிஎஸ்ஸை வயரோடு மொத்தமாகக் கழற்றுங்கள். அதைத் திறக்கவே வேண்டாம், கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கலாம். பல மினி டவர்களில் புது எஸ்எம்பிஎஸ் அதே நாலு ஓட்டையில் உட்காரும், எனக்கும் உட்கார்ந்தது.

அந்த சுவிட்ச் அழுத்தினால் உள்ளேயே நின்றுகொள்ளும் வகை. புது போர்டுக்கோ தொட்டு விட்டால் போதும், நாலு வினாடி அழுத்தியபடி இருந்தால் அணைந்துவிடும். சுலபமான வழி, ரீசெட் பட்டனின் வயரைப் புது போர்டின் பவர் பின்னில் செருகுவது. எனக்கு அப்பா அழுத்திய அந்தப் பெரிய பட்டனே வேண்டும் என்று இருந்தது, சுவிட்சைப் பிரித்தேன், உள்ளே தலைமுடி ஊசி மாதிரி வளைந்த ஒரு மெல்லிய கம்பி, அதுதான் பட்டனைப் பிடித்து நிறுத்துவது. அதை உருவியதும் பட்டன் தானாகத் திரும்பி வர ஆரம்பித்தது.

கேபினெட்டை அறுக்க எனக்கு மனம் வரவில்லை, நீங்களும் அறுக்காதீர்கள். 17-க்கு 17 செ.மீ. உள்ள மினி ஐடிஎக்ஸ் போர்டு வாங்கி, அதை ஒரு காகிதத்தில் வைத்து ஓட்டைகளைக் குறித்து, அலுமினியத் தகட்டில் துளை போட்டு, பித்தளை ஸ்டாண்டாஃப், அதாவது போர்டைத் தகட்டில் படாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கால்கள் மேல் நிறுத்தினேன். பழைய போர்டு நின்ற ஓட்டைகளிலேயே தகட்டை முடுக்கியாயிற்று. போர்டு பின்சுவரிலிருந்து ஆறு செ.மீ. உள்ளே தள்ளி நிற்பதால், எச்டிஎம்ஐ, யுஎஸ்பி எல்லாம் சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் கார்டு ஸ்லாட் வழியாக வெளியே வருகின்றன. தகர ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சூடுதான் அடுத்தது. 486 சில வாட்தான் தின்னும், அதற்கு முன்பக்கம் அடியில் இருக்கும் கீற்றுகளே போதுமாக இருந்தது. இப்போது 65 வாட் பிராசஸர் என்றால் முதல் நாளே ஃபேன் இரைய ஆரம்பித்துவிடும், அதனால் 35 வாட் பிராசஸரும் உயரம் குறைந்த கூலரும் போட்டு, ஸ்பீக்கர் இருந்த இடத்தில் 80 மி.மீ. ஃபேன் ஒன்றை வைத்தேன். கூலர் வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

முன்னால் மெகாஹெர்ட்ஸ் எண் காட்டும் பச்சை டிஸ்ப்ளே இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அது எதையும் அளப்பதில்லை, பின்னால் இருக்கும் ஜம்பர்கள் (பின்களை இணைக்கும் சின்னத் துண்டுகள்) சொல்கிற எண்ணைத்தான் காட்டும், அதற்கு வேண்டியது 5 வோல்ட், அது புது எஸ்எம்பிஎஸ்ஸின் மோலக்ஸ் என்ற நாலு பின் கனெக்டரில் சிவப்பு வயரில் கிடைக்கிறது. ஜம்பரை நான் தொடவில்லை. அப்பா பார்த்த அதே 66 இப்போதும் எரிகிறது.