ஓஎஸ்பிஎஃப்–ரிப் ரீடிஸ்ட்ரிபியூஷன்: ரூட்கள் ஏன் வரவில்லை?

வேலூர் அலுவலகத்தில் ஓஎஸ்பிஎஃப், ராணிப்பேட்டை ஆலையில் ரிப் 2; இரண்டும் ரவுட்டர்கள் ரூட்களை (வழிகளை) ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகள். இரண்டையும் இணைக்கும் சிஸ்கோ ரவுட்டரில், ஒன்றின் ரூட்களை மற்றதற்குள் விடும் 'ரீடிஸ்ட்ரிபியூட்' கட்டளை கொடுத்தும் இரு பக்கமும் ரூட் வரவில்லை என்கிறீர்கள். காரணம் பக்கத்துக்குப் பக்கம் வேறு.

ரிப்புக்குள் அனுப்பும்போது மெட்ரிக் (வழியின் செலவைச் சொல்லும் எண்) தராவிட்டால் அதை முடிவிலி என்றே எடுத்துக்கொள்ளும், ரூட் போகாது. மெட்ரிக் 3 போதும். 16 தொட்டால் செல்லாது. மறுபக்கம், ஓஎஸ்பிஎஃப் தானாகவே மெட்ரிக் 20 வைத்துக்கொள்ளும். ஆனால் பழைய ஐஓஎஸ்ஸில் (சிஸ்கோ ரவுட்டரின் இயங்குதளம்) கட்டளையோடு 'சப்நெட்ஸ்' என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் உங்கள் 172.16.10.0/24 போன்ற துணை வலைப்பின்னல் விடுபட்டுவிடும்.

இணைப்பு ரவுட்டர் இரண்டு இருந்தால்தான் உண்மையான ஆபத்து. ஆலையின் ரூட்டை முதல் ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்பில் விடும். ஒவ்வொரு நெறிமுறைக்கும் 'டிஸ்டன்ஸ்' என்ற நம்பக எண் உண்டு, சிறியதே வெல்லும். இரண்டாவது ரவுட்டர், ரிப்பின் 120-ஐ விட ஓஎஸ்பிஎஃப்பின் 110 சிறிது என்று அதையே நம்பிச் சுற்றுவழியில் அனுப்பும், திரும்ப ரிப்பிலும் விடும். லூப் (வழி வட்டமடிப்பது) அங்கேதான் பிறக்கிறது. ஓஎஸ்பிஎஃப்புக்குள் விடும்போதே டேக் (அடையாள எண்) 120 போட்டு, அந்த டேக் உள்ளதை இரு ரவுட்டரிலும் ரூட்-மேப் என்ற வடிகட்டியால் ரிப்புக்குள் போகாமல் தடுங்கள். சுற்றுவழி தீர, வெளியிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்குள் விட்ட ரூட்டின் டிஸ்டன்ஸை ரிப்பின் 120-க்கு மேலாக்கும் 'டிஸ்டன்ஸ் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னல் 130' இரண்டிலும் வேண்டும்.