போன பேட்ச்ல வந்த சால்மோனெல்லாவேதான் திரும்ப வந்துருக்கா?

பல்லடம் பக்கம் பிராய்லர் பண்ணை வச்சிருக்கவர் கேட்டுருக்காரு: ரெண்டு பேட்ச்சா சால்மோனெல்லா (குடல்ல வாழுற ஒரு பாக்டீரியா) பாசிட்டிவ், குஞ்சு கொடுக்குற கம்பெனி "நீங்க ஷெட்ட சரியா கழுவல"ங்குது, இவரு "குஞ்சுலயே வந்துச்சு"ங்கறாரு, யாரு சொல்றது சரி?

இப்ப கையில இருக்குற ரிப்போர்ட்ட வச்சு ரெண்டு பேருமே பேச முடியாதுங்க. "முருகேசன் வந்துட்டுப் போனான்"னா எந்த முருகேசன்னு கேப்பீங்கல்ல, அதே கதைதான். சால்மோனெல்லாவுல 2,500க்கு மேல வகை இருக்கு, முதல்ல எந்த வகைன்னு லேப்ல கேளுங்க. ரெண்டு பேட்ச்சும் வேற வேற வகைன்னா பழசு தங்கல, புதுசா ஒண்ணு நுழைஞ்சிருக்குன்னு ஓரளவு சொல்லலாம். ஓரளவுதான், ஏன்னா ஒரே ஷெட்டுல ரெண்டு மூணு வகை சேந்தே இருக்கும், லேப்ல ஒரே ஒரு காலனிய (தட்டுல வளந்த கிருமிக் கூட்டத்துல ஒரு புள்ளி) எடுத்து பாத்தா மத்தது கண்ணுக்கே படாது. அஞ்சாறு காலனியாச்சும் எடுக்கச் சொல்லுங்க.

ரெண்டுமே என்டெரிடிடிஸ்ங்கற ஒரே வகைன்னு வந்தா இன்னும் சிக்கல். அது தாய்க்கோழி முட்டை வழியாவும் வரும், ஷெட்டு எலி வயித்துலயும் குடியிருக்கும், போதாததுக்கு அந்த வகையில ஒண்ணுக்கொண்ணு மரபணு வித்தியாசமும் கம்மி. அங்கதான் முழு ஜீனோம் சீக்குவென்சிங் வேணும், அதாவது கிருமியோட மொத்த மரபணுவையும் எழுத்து எழுத்தா படிக்கறது, கிட்டத்தட்ட 47 லட்சம் எழுத்து, அதுல சில எழுத்து மட்டும் மாறியிருந்தா நெருங்குன சொந்தம்னு அர்த்தம். ஆனா சொந்தம்னு வந்துட்டா உடனே ஷெட்டு மேல பழி போடவும் முடியாது, ரெண்டு பேட்ச் குஞ்சும் ஒரே தாய்க்கோழி பண்ணையில இருந்து வந்திருந்தா அதே கிருமி ரெண்டு தடவையும் வண்டியிலயே வந்து இறங்கியிருக்கலாம்ல.

அதனால அடுத்த பேட்ச்சுக்கு இப்பவே தயாராகுங்க. கழுவி காஞ்ச ஷெட்டுல, தரையில விரிக்கிற புது மஞ்சி கொட்டுறதுக்கு முன்னாடி ஸ்வாப் (பஞ்சால தொடச்சு எடுக்குற சாம்பிள்) எடுங்க, எலிப்புழுக்கையும் கருப்பு வண்டும் சேத்து. குஞ்சு இறங்குன அன்னிக்கே, தரையில விடுறதுக்கு முன்னாடி, பெட்டிக்குள்ள இருக்குற எச்சம் பட்ட பேப்பர எடுத்து தனியா அனுப்புங்க, தீவனமும் ஒரு சாம்பிள். கம்பெனி சூப்பர்வைசர பக்கத்துல நிக்க வச்சே எடுத்துருங்க, அப்புறம் பேச்சு வராது.

நடுவுல யாராச்சும் ஆன்டிபயாடிக் போடலாம்னா கேக்காதீங்க, கிருமி பூரா போகாது, மருந்துக்கு அடங்காததுதான் மிஞ்சும். கோலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக் கோழிக்குக் குடுக்க 2019லயே தடை ஆயிடுச்சு. ரெண்டு பேட்ச் கிருமியையும் லேப்ல ஃப்ரீசர்ல வச்சிருக்காங்களான்னு இன்னிக்கே போன் பண்ணி கேளுங்க, தூக்கிப் போட்டுட்டா ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணும் இருக்காது.