ஒல்லியானவருக்கும் பிரஷர் வருமா?

கேள்வி: என் எடை 48 கிலோதான். ஆனாலும் பிரஷர் 160/100 என்கிறார்கள். குண்டாக இருந்தால்தானே வரும், டாக்டர்? மூட்டு வலிக்கு மாத்திரை போடுவதைத் தவிர வேறெதுவும் இல்லை.
– வாசகி, விருதுநகர்

பதில்: அந்த மாத்திரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அம்மா. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும். மருந்துக் கடையில் கேட்டதும் கிடைப்பதால் பலர் இதை மருந்தாகவே எண்ணுவதில்லை. அட்டையோடு போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். இருமலுக்கு அதிமதுரம் தினமும் மெல்லுகிறீர்களா? அதுவும் பொட்டாசியத்தைக் குறைத்து பிரஷரைக் கூட்டும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அப்புறம், பெற்றோருக்கு பிரஷர் இருந்ததா, குறட்டை உண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.