அப்பாவுக்கு வந்த இரைப்பைப் புற்றுநோய் எனக்கும் வருமா?

கோத்தகிரி வாசகிக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் ஏப்பம், நெஞ்செரிச்சல், நாக்கில் வெள்ளைப் படிவு இவற்றை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட முடியாது. குளிருக்கு இதமாக வெறும் வயிற்றில் மூன்று டம்ளர் டீ இறக்கினால் யாருக்கும்தான் எரியும். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் முக்கியம்: அப்பாவுக்கு 46 வயதில் இரைப்பைப் புற்றுநோய், பிறகு அத்தைக்கும்.

பழுதானால் குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது என்று நீங்கள் இணையத்தில் படித்துப் பயந்த சிடிஎச்1 மரபணு இருப்பது உண்மை. செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இ-கேடெரின் புரதத்தை உருவாக்குவது அதுதான். கரு எட்டு செல்லாக இருக்கும்போதே அவை நெருங்கி ஒட்டிக்கொள்ள இந்தப் புரதம் வேண்டும். மேலுதடு இணைவதிலும் அதற்குப் பங்குண்டு. அதற்காக அண்ணன் மகனின் உதட்டுப் பிளவுக்கு இதுதான் காரணம் என்று முடிவுகட்டி அவர்களைக் கலங்கடிக்காதீர்கள். பிளவோடு பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த மரபணுவில் பழுதே இருக்காது.

இரைப்பையில் இந்தப் பிணைப்பு விட்டுப்போனால் புற்றுசெல்கள் கட்டியாகத் திரளாது. ஒவ்வொன்றாகச் சுவருக்குள் ஊடுருவும். மேலே சவ்வு வழவழப்பாகவே தெரியும். ஆகவே போன வருட எண்டோஸ்கோபி நார்மல் என்பதை மட்டும் வைத்து இதை மூடிவிட முடியாது.

அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில், இப்படிச் சிதறி ஊடுருவும் வகையைக் குறிக்கும் ‘டிஃப்யூஸ்’ அல்லது ‘சிக்னெட் ரிங் செல்’ என்று இருந்தால், 50 வயதுக்குள் வந்த நோய் என்பதால் மரபணு பரிசோதனை அவசியம். ‘இன்டெஸ்டைனல் டைப்’ என்றிருந்தால் இந்த மரபணு மீதான சந்தேகம் பெருமளவு விலகும். ரிப்போர்ட் தொலைந்துவிட்டதா? சிகிச்சை நடந்த மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில், பதிவு எண்ணைச் சொல்லி, பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு) இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆன்லைனில் ஆர்டர் செய்த உமிழ்நீர் கிட்டைத் திருப்பி அனுப்புங்கள். மரபணு ஆலோசகரைப் பார்த்து, ரத்தத்தில் மரபணு முழுவதையும் வாசிக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். முடிந்தால் முதலில் நோய் வந்தவரின் மாதிரியில் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் உங்களுக்கு ‘இல்லை’ என்று வந்தால் அதற்கு அர்த்தம் குறைவு. அப்பாவிடம் பழுது உறுதியானால் உங்களுக்கு அது வந்திருக்க வாய்ப்பு 50 சதவீதம். வந்திருந்தால் இரைப்பையோடு மார்பகத்தையும் கண்காணிக்க வேண்டும். 30 வயதிலிருந்து ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ.

எட்டு மாதமாக மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கும் அமிலம் குறைக்கும் மாத்திரை பான்டோபிரசோல்? யார் சொல்லி? இரைப்பைக் கிருமியான ஹெச். பைலோரிக்கான பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு அடைத்து, எடையும் இறங்கினால் மட்டும் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல், அந்த வாரமே இரைப்பை மருத்துவரிடம் போங்கள்.