ஊராட்சியில் "பணம் இல்லை" என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: மாநில பட்ஜெட்டில் உள்ளாட்சிகளுக்கு ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்கியதாகச் செய்தி வருகிறது. எங்கள் ஊராட்சியிலோ தண்ணீர் திறந்துவிடுபவருக்குச் சம்பளம் போடவே பணமில்லை என்கிறார்கள். யார் சொல்வது பொய்?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை தமிழ்நாட்டில் ஒரு சின்ன கிராம ஊராட்சிக்குத் துணைத் தலைவராக இருந்தேன். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். (பல ஊர்களில் சண்டையே இதில்தான் தொடங்கும். எங்கள் ஊரிலும் கொஞ்சம் நடந்தது, அதை விடுங்கள்.) கையெழுத்துப் போடப் போன முதல் நாள்தான் தெரிந்தது, ஊராட்சிக்கு பாஸ்புக் ஒன்றில்லை, முக்கியமானவை மட்டும் மூன்று.

1ஆம் கணக்கு பொதுக்கணக்கு. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதி ஆணைய மானியம் (மாநில வரியில் எங்களுக்கு வரும் பங்கு) எல்லாம் இதில் வரும். 2ஆம் கணக்கு கரண்ட் பில்லுக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டவும் மட்டும். அரசு அதில் போடும், நாங்கள் அதை அரசின் மின்வாரியத்துக்கே கட்டுவோம். 3ஆம் கணக்கில் மத்திய நிதிக்குழு மானியமும் திட்டப் பணமும். ஒன்றில் மிஞ்சுகிறதே என்று இன்னொன்றின் செலவுக்கு எடுக்க முடியாது.

எங்கள் டேங்க் ஆபரேட்டருக்கு அறுபது வயதிருக்கும். விடியற்காலை மோட்டாரைப் போட்டு, தெருத் தெருவாக வால்வு திருப்புபவர். ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, இந்த மாசமாச்சும் போட்டுருவீங்களா?" மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அன்றைக்கு 1ஆம் கணக்கில் பதினோராயிரம் சொச்சம். 3ஆம் கணக்கில் லட்சங்கள் சும்மா கிடந்தன. மத்திய நிதிக்குழு மானியம் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் ஆகாது என்பது விதி. அதில் அவருக்குப் புதுத் தொட்டிகூடக் கட்டித் தரலாம், சம்பளம் தர முடியாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? "பணம் வரல அண்ணே" என்று சொல்லி அனுப்பினேன். உங்கள் ஊரில் சொல்வதும் அநேகமாக இந்த "பணம் வரல"தான்.

இப்போது பட்ஜெட் கணக்குக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. மாநில வருவாயில் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அதை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, மாவட்ட ஊராட்சி, ஒன்றியம் என்று பிரித்து, பிறகு 12,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்குப் பங்கிட வேண்டும். பங்கீட்டில் மக்கள்தொகைக்கு முக்கிய இடம். தலை குறைவாகவும் குக்கிராமங்கள் சிதறியும் இருக்கிற எங்களைப் போன்ற ஊராட்சிக்கு அங்கேயே அடி. தலை குறைந்ததற்காகக் குழாயின் நீளம் குறையாதே. அதோடு இது சதவீதப் பங்கு. குளம் வற்றினால் மடையிலும் தண்ணீர் வராது.

மத்தியப் பணத்தில் 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை வைத்த விதி: 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும். மீதி 40 சதவீதம் உள்ளூர்த் தேவைக்கு, அதிலும் மேலே சொன்ன சம்பளத் தடை உண்டு. அந்தப் பணம் வர, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தும் இங்கே தேர்தல் நடக்கவில்லை; மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர்கள் வந்தார்கள், மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்துதான் எங்களைப் போன்றவர்கள் உள்ளே வந்தோம். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் காலமும் முடிந்தது, மறுபடி தனி அலுவலர்கள். தேர்தலைத் தள்ளிப்போடும் முடிவு சென்னையில் எடுக்கப்படுகிறது, தூர்வாராத வாய்க்கால் உங்கள் தெருவில் கிடக்கிறது.

சொந்த வரியை உயர்த்தலாமே என்று கேட்பீர்கள். வரிக்கு வரம்பு கட்டுவதும் அரசு விதிதான். நகரங்களில் இது இன்னும் பச்சையாகத் தெரியும்: 2018இல் சொத்து வரியை உயர்த்தினார்கள், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள், நகர்ப்புறத் தேர்தல் முடிந்த கையோடு 2022 ஏப்ரலில் மறுபடி உயர்த்தினார்கள். எந்த நகராட்சி மன்றமும் தானாக உட்கார்ந்து எடுத்த முடிவில்லை அது.

ஆனால் எங்கள் மேலும் தப்பு உண்டு, மறைக்க மாட்டேன். விதிக்குள் ஏற்றக்கூடிய வீட்டு வரியைக்கூட ஏற்றவில்லை. எதிர்வீட்டுச் சித்தப்பாவுக்கு வரி ஏற்றிவிட்டு அடுத்த தேர்தலில் அவரிடமே போய் எப்படி நிற்பது? மாடி கட்டியவர்களும் ஓட்டு வீட்டுக் காலத்து வரியைத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதிலும் ஒரு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி என்று சேர்த்து வாங்கி, அதைத் தனியே நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

கேரளத்தில் மாநில பட்ஜெட்டோடு "நான்காம் இணைப்பு" என்று ஒன்று வெளியிடுவார்கள். ஒவ்வொரு ஊராட்சிக்கும் அந்த ஆண்டு எவ்வளவு என்பது அதில் அச்சாகி இருக்கும். எனக்கு அதைப் பார்த்துப் பொறாமைதான். ஐந்து வருடமும், அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் நாங்கள் திட்டம் போட்டோம்.

அந்த ஆபரேட்டருக்கு மார்ச் மாத வரி வசூலில் பாக்கியைக் கொடுத்தோம், இரண்டு தவணையாக.

உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை எப்போதோ, அன்று போய் 1, 2, 3 கணக்குகளின் இருப்பைத் தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்வார்கள், அதை ஏற்காதீர்கள். 1ஆம் கணக்கில் வீட்டு வரி எவ்வளவு, மாநில மானியம் எவ்வளவு, எந்த மாதத்து மானியம் இன்னும் வரவில்லை என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.