ரிவால்வரும் ஐம்பது கஜமும்

அன்புள்ள ஐயா,

எட்டு வருஷமாக ஹூஸ்டனில் இருக்கிறேன். என் டீமில் ஒரு அமெரிக்கர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு நவம்பரிலும் மான் வேட்டைக்குப் போவார். ரைஃபிள் எடுப்பதில்லை, 44 மேக்னம் ரிவால்வர்தான். அவர் வீட்டில் பழைய ரிவால்வர்கள் ஒரு டஜன் பார்த்தேன். அதில் ஒன்றை, ‘டிரிபிள் லாக்’ என்றார், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் எடுத்தார். வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூடச் சுடவில்லையாம். தூரத்திலிருந்து சரியாக அடிக்க ரைஃபிள் இருக்கும்போது ரிவால்வர் எதற்கு, வீம்பா? சுடவே போவதில்லை என்றால் துப்பாக்கி எதற்கு? வரும் சீசனில் என்னையும் கூப்பிடுகிறார். போகலாமா?

க., ஹூஸ்டன்

அன்புள்ள க.,

வீம்பு கொஞ்சம் இருக்கிறது, அவரே ஒத்துக்கொள்வார். ஆனால் அவர் கையில் இருக்கும் 44 மேக்னத்தின் கதை, ஒரு துப்பாக்கி கையிலேயே வெடித்ததில் தொடங்குகிறது.

எல்மர் கீத் ஐடஹோவில் மாடு மேய்த்த கௌபாய், பிற்பாடு துப்பாக்கிகளைப் பற்றி எழுதிப் பேர் வாங்கியவர். சின்ன வயதில் தீவிபத்தில் சிக்கி இடது கை சுருண்டுபோனவர். 1925 ஜூலை 4, சுதந்திர தினக் கொண்டாட்டமாக வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார். ரைஃபிளுக்கான கனமான ரவையை (தோட்டாவிலிருந்து பறந்து போகிற ஈயக் குண்டுதான் ரவை) போட்டுத் தோட்டாவை அவரே தயாரித்திருந்தார். அவருடைய 45 கோல்ட் ரிவால்வரில் தோட்டாக்களை வைக்கிற உருளை மேல்பாதி பிய்ந்து பறந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். கீத் உடைந்த உருளையை வைத்துக்கொண்டு யோசித்தார். உருளையின் பருமன் ஒன்றுதான், அதில் ஆறு துளை போட வேண்டும். துளை பெரிதானால் இடையில் நிற்கும் இரும்புச் சுவர் மெலியும். துளை அங்குலத்தில் நூறில் 45 பங்குக்குப் பதில் 44 என்றால் சுவர் கொஞ்சம் தடிக்கும், கொஞ்சம் கூடுதல் வெடிமருந்தைத் தாங்கும். (44 என்பதும் பேருக்குத்தான். ரவையின் உண்மையான விட்டம் 0.429 அங்குலம். துப்பாக்கி உலகத்தில் பெயரும் அளவும் ஒத்துப்போவது அபூர்வம்.) அடுத்த முப்பது வருஷம் ஏற்கெனவே இருந்த 44 ஸ்பெஷல் என்ற தோட்டாவில் அளவுக்கு மேல் மருந்தை அடைத்துச் சுட்டார், கம்பெனிகளை நச்சரித்தார். 1955 கடைசியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் தோட்டாக் கம்பெனி ரெமிங்டனும் சேர்ந்து 44 மேக்னத்தைக் கொண்டுவந்தன. பழைய துப்பாக்கியில் யாரும் தெரியாமல் நுழைத்துவிடக் கூடாது என்பதற்காகத் தோட்டாக் கூட்டை எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீட்டினார்கள்.

இது எப்படி மானைக் கொல்கிறது என்பது தெரிந்தால்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும். சாதாரண மான் ரைஃபிளின் ரவை பத்து கிராம் சொச்சம்தான், ஆனால் நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் போகும். உள்ளே போய் விரிந்து, சுற்றியுள்ள சதையையும் சேர்த்துக் கிழிக்கும். 44 ரவை பதினாறு கிராம், வேகம் ஏறக்குறைய அதில் பாதி. அந்த வேகத்தில் ரைஃபிள் ரவை செய்யும் சேதத்தைச் செய்ய முடியாது. அதனால் கீத் கெட்டியான ஈயத்தில் மூக்கு தட்டையாக, விளிம்பு கூராக ஒரு ரவையை வடிவமைத்தார். அது விரிய வேண்டியதே இல்லை. காகிதத்தில் பஞ்ச் போடுகிற மாதிரி முழு விட்டத்துக்கும் துளை போட்டு, பெரும்பாலும் மறுபக்கம் வந்துவிடும்.

ஆக, ரவை சரியான இடத்தில் பட்டால்தான் உண்டு. மானின் நெஞ்சில் அந்த இடம் ஒரு சப்பாத்தி அளவு. ரிவால்வரில் இலக்கு பார்க்க மேலே வைத்திருக்கும் முன் முனைக்கும் பின் முனைக்கும் நடுவே ஒரு சாண் தூரம்தான், கை லேசாக ஆடினாலே ரவை எங்கோ போகும். நிதானமான ஆட்கள் ஐம்பது கஜத்துக்குள் வந்தால்தான் விசையைத் தொடுவார்கள். ஐம்பது கஜம் என்றால் மான் உங்கள் மூச்சைக் கேட்கிற தூரம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, சருகு எங்கே கிடக்கிறது என்று பார்த்து, மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். முக்கால்வாசி நாள் வெறுங்கையோடு திரும்பவும் வேண்டும். ரைஃபிள் வேண்டாம் என்பவர்கள் வேண்டுமென்றே கேட்டு வாங்கிக்கொள்கிற கஷ்டம் இது. எனக்கு இதில் மரியாதை உண்டு.

மரியாதை இல்லாதது இன்னொரு வகையில். கீத் 600 கஜத்தில் ஒரு மானை ரிவால்வரால் வீழ்த்தியதாக எழுதினார். அந்தத் தூரத்துக்கு ரவை போய்ச் சேரவே ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் பல மீட்டர் கீழே இறங்கியிருக்கும். நம்புகிறவர்களும் சிரிக்கிறவர்களும் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அந்த மான் ஏற்கெனவே கூட வந்தவரின் ரைஃபிளில் அடிபட்டு ஓடியது, கீத் சுட்டது அதன் வேதனையை முடிக்க. அவருக்கு அந்த நியாயம் இருந்தது. கதையைக் கேட்டுவிட்டு, காயம் படாமல் நிற்கும் மானை இருநூறு கஜத்தில் சுட்டுப் பார்க்கிறவர்களுக்கு அது கிடையாது. குடலில் ரவை வாங்கிய மான் புதருக்குள் போய் ராத்திரி முழுக்கக் கிடந்து சாகும். உங்கள் நண்பர் எவ்வளவு தூரத்தில் சுடுவார் என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம் அந்த வெள்ளைக் கையுறை. டிரிபிள் லாக் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ரிவால்வர், 1908 முதல் 1915 வரை, பதினைந்தாயிரம் சொச்சம்தான் செய்தார்கள். உருளையைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று, அது திறந்து மூடுகிற கையில் மூன்றாவதாக ஒன்று என மூன்று பூட்டு. மூன்றாவது தேவையே இல்லை, கடிகாரக்காரர் வேலை மாதிரி அழகுக்கு வைத்தது என்பார்கள். அடுத்த மாடலில் அதை எடுத்துவிட்டு விலையில் இரண்டு டாலர் குறைத்தார்கள். அந்த இரண்டு டாலர் பூட்டுக்காக இன்றைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

அதன் நீல மெருகுக்குத்தான் கையுறை. வியர்வை உப்புப் பட்டால் துரு ஏறும். மங்கிவிட்டதே என்று புதிதாக மெருகு போட்டால் மதிப்பு பாதிக்கும் கீழே போகும். பழைய செப்புக்காசைப் புளி போட்டுத் துலக்குவது போலத்தான். உருளையைச் சும்மா சுழற்றினாலே சுற்றி ஒரு கோடு விழும், சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். இப்படிப்பட்டதை எடுத்துப்போய்ச் சுட மனசு வருமா? அதனால்தான் இவர்கள் ஒன்றைப் பெட்டியில் வைத்துவிட்டு இன்னொன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறார்கள். எனக்கு மட்டும் சுடாத துப்பாக்கி மேல் ஒரு பரிதாபம் உண்டு. வாசிக்காத வீணை மாதிரி என்று சொல்ல வாய் வருகிறது, வேண்டாம், வீணை யாரையும் கொல்வதில்லை.

நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பேச்சே எழாது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பு, யானை மேல் அம்பாரியில் உட்கார்ந்து புலி வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள், தடித்த இரட்டைக்குழல் கைத்துப்பாக்கி ஒன்றை மடியில் வைத்திருந்தார்கள். அதை ‘ஹௌடா பிஸ்டல்’ என்பார்கள். அது வேட்டைக்கல்ல. புலி யானை மேலேயே பாய்ந்து ஏறிவிட்டால் உயிர் தப்ப.

சரி, போகலாமா? ஐம்பது கஜம் என்று சொன்னால் போங்கள். எச்1பி மாதிரி விசாவில் இருந்தால் துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன் வேட்டை லைசென்ஸ் விஷயத்தை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே அது விளையாட்டில்லை. அவர் வீட்டில் எதையாவது கையில் கொடுத்தால் சினிமாவில் போல மணிக்கட்டைச் சுண்டி உருளையை மூடாதீர்கள், உருளையைத் தாங்குகிற கை வளைந்துவிடும், நட்பும் போய்விடும். சுடும்போது பக்கத்தில் நின்றால் காதுக்குப் பஞ்சு போதாது. 44 மேக்னத்தின் சத்தம் 160 டெசிபலுக்கு மேல். காதுக்குள் அடைப்பான் ஒன்று, மேலே மூடி ஒன்று என இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள்.