அரிசிக்கு மாற்று எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அரிசிதான். மாமனாருக்குச் சர்க்கரை நோய். கணவருக்கு உடல் எடை கூடிக்கொண்டே போகிறது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அரிசியை அறவே நிறுத்திவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறலாமா? எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, தாராபுரம்

பதில்: அறவே நிறுத்த வேண்டியதில்லை. எல்லா வேளையையும் ஒரே நாளில் மாற்றும் வீடுகள் பெரும்பாலும் ஒரே மாதத்தில் அரிசிக்கே திரும்பிவிடுகின்றன. முதலில் இரவு உணவை மட்டும் மாற்றுங்கள். அது பழகிய பிறகு காலை உணவுக்கு வாருங்கள்.

விலை கூடிய பொட்டலங்களைத் தேடுமுன் கம்பையும் சோளத்தையும் நினைத்துக்கொள்வது நல்லது. உங்கள் பக்கத்து மேட்டாங்காடுகளில், அதாவது மழையை நம்பிய மேட்டு நிலங்களில், ஒரு காலத்தில் இவைதாம் அன்றாடச் சோறு. நெல்லஞ்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும் மட்டுமே. 1950களில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், பிற்காலத்தில் ரேஷன் அரிசி எளிதாகக் கிடைத்ததும் அந்த வழக்கத்தை மாற்றிவிட்டன. இன்று சோளத்தைப் பலர் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு வேண்டும் என்பதற்காகவே விதைக்கிறார்கள்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் வெள்ளை அரிசியில் நார்ச்சத்து ஏறத்தாழ 3 கிராம்; கம்பிலும் ராகியிலும் 11 கிராம். இரும்புச்சத்து அரிசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. கம்பில் 6க்கு மேல். சுண்ணாம்புச்சத்து அரிசியில் 10 மில்லிகிராமுக்குள். ராகியில் 360க்கு மேல். வளரும் பிள்ளைகளுக்கு ராகி அடையும் ராகிப் புட்டும் கொடுக்கச் சொல்வது இதனால்தான். ஆனால் அதே அட்டவணையில் அரிசியின் கலோரி 356 என்றால் கம்பின் கலோரி 348. ஆகவே கம்மஞ்சோறு என்பதற்காக உங்கள் கணவர் தட்டு நிறையச் சாப்பிட்டால் எடை இறங்காது. சோற்றைக் குறைத்து, கொள்ளுப் பருப்பையும் கீரையையும் காயையும் கூட்ட வேண்டும். மாமனார் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் என்றால், உணவின் அளவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிட ஒரு வழி உண்டு. நம் வீடுகளில் வாரத்துக்கு ஒரு நாளாவது செய்யும் அரிசிம்பருப்புச் சோற்றை அரிசிக்குப் பதில் சாமையில் செய்து பாருங்கள். துவரம்பருப்பை மட்டும் அரை மணி நேரம் முன்னதாக ஊறவைத்துவிடுங்கள். சாமை விரைவில் வெந்துவிடும், பருப்புக்குத்தான் நேரம் பிடிக்கும். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் தாளித்து, மேலே ஒரு கரண்டி நெய்யும் விட்டுவிட்டால் அது சாமை என்று சொன்னால்தான் தெரியும்.

கேள்வி: ராகிக் கூழும் கம்பங்கூழும் எவ்வளவு குடித்தாலும் சர்க்கரை ஏறாது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், பெருந்துறை

பதில்: இல்லை. தானியத்தின் பெயரை விட அது எந்த வடிவில் வயிற்றுக்குள் போகிறது என்பதுதான் முக்கியம். நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் குழையக் காய்ச்சினால் அதிலுள்ள மாவுச்சத்து விரைவில் செரித்து இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்திவிடும். அதே கம்பைக் கொரகொரப்பாக உடைத்துச் சோறாக்கி, காய்கறியோடு மென்று சாப்பிடும்போது அந்த ஏற்றம் மெதுவாக இருக்கும். கூழ்தான் வேண்டும் என்றால் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டு, மோர் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக் குடியுங்கள். வெல்லம் போட்ட ராகிக் கஞ்சி, சர்க்கரை நோயாளிக்கு எந்த வகையிலும் ஆகாது.

கேள்வி: கடையில் வரகும் சாமையும் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. வாங்கலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மேல் உமியை நீக்காமல் இவற்றை உண்ண முடியாது. அதற்கு அடியிலுள்ள தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிடுவதால்தான் அந்த வெண்மை வருகிறது. தவிட்டோடு நார்ச்சத்தில் பெரும்பகுதியும் போய்விடுகிறது. அப்படித் தீட்டிய வரகுக்கு அரிசியை விடக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவு என்பது என் கருத்து. சற்று மங்கிய நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்கி, சில மணி நேரம் ஊறவைத்துச் சமையுங்கள்.

கேள்வி: எனக்குத் தைராய்டு குறைவு. கம்பு சாப்பிடக் கூடாது என்கிறார்கள். மேலும், அரைத்து வைத்த கம்பு மாவு சீக்கிரமே கசந்துவிடுகிறதே?
– வாசகி, பல்லடம்

பதில்: உடல் அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பொருள்கள் கம்பில் உள்ளன. எனவே தினமும் கம்பையே முதன்மை உணவாக்காமல் சோளம், ராகி, அரிசி என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துங்கள். எவ்வளவு சேர்க்கலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாவு கசப்பதற்குக் காரணம், மற்றத் தானியங்களை விடக் கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்தவுடன் அது கெடத் தொடங்கிவிடும். கம்பை முழுத் தானியமாக வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் லேசாக வறுத்து அரைத்து, பிரிட்ஜில் வையுங்கள்.